ஒன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில்: பிள்ளை வளர்த்த பிறகு மறுபடியும் வேலைக்குப் போக நினைக்கும் யாழ்ப்பாணத் தாய்மாருக்கு

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரைக்கு விடுகிறது. கடையும் கந்தோரும் எட்டரைக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுகின்றன; சில இடங்களில் ஐந்தரை ஆகும். பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்ட பெண் மறுபடியும் வேலைக்குப் போக முடியுமா என்பதை அவளுடைய படிப்பையும் வயதையும் விட, ஒன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் கிடக்கும் அந்த மூன்றரை மணித்தியாலம்தான் முடிவு செய்கிறது.

2012 இல், மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் பார்த்த கணக்கு வேலையை விட்டேன். 2024 இல் வேறொரு நிறுவனத்தில் மறுபடியும் கணக்கு மேசைக்கு வந்தேன். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைப் பெண்களும், சின்னவனின் பள்ளிக்கூட வாசலில் சந்திக்கும் தாய்மாரும் "அக்கா, நீங்கள் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு, இலிகிதர், காசாளர் வேலை பார்த்தவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். மற்றவர்கள் தங்கள் தொழிலுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் பத்திரிகையைத் திறந்து வேலை தேடுகிறார்கள். வேலை கிடைத்த பிறகுதான் பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசிக்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. கணினி, புதிய வரிகள், ஆங்கிலக் கடிதம் எல்லாம் படித்தால் வரும். மூன்றரை மணித்தியாலத்துக்கு ஆள் வைக்காமல் வேலையில் சேர்ந்த கெட்டிக்காரப் பெண்கள், பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வந்த கிழமையிலேயே வேலையை விட்டதைக் கண்டிருக்கிறேன். வேலை தெரியாமல் அவர்கள் விடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

முதலில் வீடு

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றரையிலிருந்து ஐந்தரை வரை எங்கே இருக்கும், யாருடன் இருக்கும், யார் கூட்டிவருவார், என்ன சாப்பிடும் என்று நாள்வாரியாக எழுதுங்கள். சனிக்கிழமையையும் சேருங்கள். தனியார் நிலையங்கள் பலவற்றில் சனி அரைநாள் வேலை உண்டு. எழுத ஒன்றும் இல்லாமல் வெறுமையாக நிற்கும் கட்டங்களுக்கு வழி பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

அம்மாவோ மாமியோ கூட இருந்தால் நீங்களே நேரே கேளுங்கள். கணவரைத் தூது அனுப்பாதீர்கள். மகன் கேட்டால் தாய் மாட்டேன் என்று சொல்லமாட்டார். சொல்லாத சிரமம் பிறகு வேறு வழியில் வெளிவரும். நான் மாமியிடம் கேட்டது இப்படி: "மாமி, சின்னவன் ஒன்றே முக்காலுக்கு வந்துவிடுவான். சோறு போட்டுக் கொடுத்து நான் வரும் வரைக்கும் பார்க்க உங்களுக்கு ஏலுமா? ஏலாத நாள் எது என்றும் சொல்லுங்கள்." செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் கோவிலுக்குப் போக வேண்டும் என்றார். அந்த இரண்டு நாளும் சின்னவனை அடுத்த வீட்டு அக்காவிடம் விட ஒழுங்கு செய்தோம். "நீ போ பிள்ளை, எல்லாம் நான் பார்ப்பேன்" என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உதவியிருக்காது. ஏலாத நாளைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

வயதானவரிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது சமையலையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சோறும் கறியும் நீங்கள் காலையில் வைத்துவிட்டுப் போங்கள். அவருடைய கிளினிக் நாள், மருந்து வாங்குவது எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அவருக்கும் ஓய்வு வேண்டும். அவரும் ஒரு காலத்தில் தன் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்தான்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் அந்தத் தலைமுறையே இல்லை. அம்மம்மா கனடாவில், அப்பம்மா லண்டனில். அப்படியானால் அயலில், பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒரு பெண்ணிடம் மாதக் காசு பேசிக் கொள்ளுங்கள். எவ்வளவு நெருங்கிப் பழகியவர் என்றாலும் தொகையை முதலிலேயே வாய்விட்டுப் பேசுங்கள். "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்றால் விடாதீர்கள். மாதத்தின் முதல் கிழமையில் தவறாமல் கொடுங்கள். நகரப் பக்கம் பகல் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல் நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை வயது வரை எடுப்பீர்கள், எத்தனை மணி வரை திறந்திருக்கும், தவணை விடுமுறையில் நடக்குமா, நான் ஐந்தே முக்காலுக்கு வந்தால் யார் இருப்பார்கள்?

ரியூஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மூன்றரை மணித்தியாலத்தை ரியூஷன் வகுப்புகளால் நிரப்பிவிடும் பழக்கம் எங்கள் ஊரில் பரவியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓட்டோவில் போய், ஆறு மணிக்குக் களைத்து வீட்டுக்கு வருகிறது. தனியார் கல்வி நிலையம் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம். பிள்ளை சாப்பிட்டதா, முகம் வாடியிருக்கிறதா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஆண்டில் வகுப்புத் தேவைப்படலாம். அது வேறு கதை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாய், ஒரு கோப்பை சோறு, ஒரு மணித்தியால நித்திரை வேண்டும். அதற்கு ஒரு வீடு பாருங்கள்.

கணவரோடு பேசும்போது "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், இரவு பாத்திரம் கழுவுவதும், பெற்றோர் கூட்டத்துக்குப் போவதும் அவருடையவை. காய்ச்சல் நாளில் முதல் நாள் லீவு நான், இரண்டாம் நாள் அவர். இதை வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பேசி வைத்தோம். காய்ச்சல் வந்த இரவில் பேசத் தொடங்கினால் எப்போதும் அம்மாவின் வேலைதான் தோற்கும்.

இடியப்பம் வாங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வாங்குங்கள். ஒவ்வொரு ஒழுங்கையிலும் இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் காலையில் ஒரு மணித்தியாலம் மிஞ்சும், அவர்களுக்கும் உழைப்பு. இதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

எல்லாம் எழுதி முடித்ததும் வேலைக்குப் போகாமலே ஒத்திகை பாருங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு, கிழமை நாட்களில் காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டுப் பின்னேரம் ஐந்தரைக்கு வீடு திரும்புங்கள். அந்த நேரத்தைப் பொது நூலகத்தில் கழிக்கலாம். அங்கே நாளிதழ் எல்லாம் ஓரிடத்தில் பார்க்கலாம். கணினி வகுப்பு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலிருந்து தொலைபேசி வந்தாலும் ஓடி வராதீர்கள், சொல்லிக் கொடுங்கள். உப்பு எங்கே, சின்னவனின் மாற்றுச் சட்டை எங்கே என்று முதல் கிழமை எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். இரண்டாம் கிழமை குறையும். எந்த நாள் ஒழுங்கு குழம்பியது என்று குறித்து அதைத் திருத்துங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படுவதால், அந்தப் பக்கத்தால் வரும் வான்களும் ஓட்டோக்களும் சுற்றித்தான் வரும் என்பதையும் உங்கள் கட்டத்தில் எழுதி வையுங்கள்.

ஸ்கூட்டி ஓடத் தெரியாதவர்கள் இந்தக் காலத்திலேயே பழகி அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுங்கள். பஸ்ஸை நம்பிய பெண்ணுக்கும் ஸ்கூட்டி வைத்திருக்கும் பெண்ணுக்கும் பின்னேரத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தால் அழைப்பு வந்தாலும் யாரையும் கேட்டு நிற்காமல் போகலாம்.

கையில் நிற்பது எவ்வளவு

"ஓட்டோவுக்கும் இடியப்பத்துக்கும் கொடுத்துவிட்டு என்ன மிஞ்சப் போகிறது?" என்று யாராவது கேட்பார்கள். கணக்குப் பார்த்தே பதில் சொல்லுங்கள்.

சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம், அதாவது 3,200 ரூபாய் கழியும். கையில் 36,800. அதே நிதியத்துக்கு முதலாளி தன் காசில் 12 சதவீதம், 4,800 ரூபாய் போட வேண்டும். இவற்றைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம், 1,200 ரூபாய்; அதுவும் முதலாளியின் காசு. ஆக, மாதம் 9,200 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. ஆண்டுக்கு 110,400 ரூபாய், வட்டி வேறு. வீட்டில் இருக்கும் பெண்ணின் உழைப்புக்கு இந்த நாட்டில் யாரும் இப்படி ஒரு சதமும் போடுவதில்லை. கையில் நிற்கும் காசை மட்டும் பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை வளர வளரப் பராமரிப்புச் செலவு குறையும்; வேலையில் நின்றால் சம்பளம் கூடும்.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். முழுநேர வேலைக்கு இதற்குக் குறைவாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "வீட்டில் இருந்தவர்தானே" என்பது சட்டத்தில் கழிவு தரும் காரணம் இல்லை.

பழைய வேலையில் சேமலாப நிதி கட்டியவர்கள் அந்த அங்கத்துவ இலக்கத்தைத் தேடி எடுங்கள். திருமணத்தின் பேரில் வேலையை விட்ட பெண்கள் காசை மீளப்பெறச் சட்டம் இடம் கொடுக்கிறது, சிலர் எடுத்திருப்பீர்கள். எடுக்காதவர்களின் காசு மத்திய வங்கியில் வட்டியோடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குத் தேசிய அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் பெயர் மாறியிருந்தால் பதிவையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

கையை மறுபடியும் பழக்குதல்

கணக்கு வேலைக்காரருக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியவை அதிகம். நான் விட்டபோது வற் வரி 12 சதவீதம். அது பிறகு ஏறி இறங்கி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அந்த நாளில் மாதாமாதம் கணக்கிட்ட தேச கட்டுமான வரி 2019 டிசம்பரோடு நீக்கப்பட்டுவிட்டது. 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதமாக வந்தது. சம்பளத்தில் கழித்த பழைய வரியின் இடத்தில் இப்போது முற்பண தனிநபர் வருமான வரி. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு அது கழிவதில்லை. வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் இல்லாதவர்கள் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்திலேயே பதியலாம். நேர்முகப் பரீட்சையில் இந்த ஐந்து விடயத்தையும் தடுமாறாமல் சொன்னால், நீங்கள் எத்தனை ஆண்டு வீட்டில் இருந்தீர்கள் என்ற கேள்வியின் பாரம் பாதி குறையும்.

மாறாதவையும் இருக்கின்றன. பற்று, வரவு மாறவில்லை. வங்கிக் கூற்றையும் காசேட்டையும் இணக்கிப் பார்ப்பது மாறவில்லை. சில்லறைக் காசுப் புத்தகமும் இருப்புக் கணக்கெடுப்பும் மாறவில்லை. ஒருமுறை ஒழுங்காகப் பழகிய கை இவற்றை மறப்பதில்லை. முதல் ஐந்தொகையைச் சமப்படுத்தும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எக்செல் பழக வீட்டுக் கணக்கே போதும். மின்கட்டணம், பள்ளிக்கூடச் செலவு, மீன், மரக்கறி என்று மூன்று மாதக் கணக்கை நாள்வாரியாகப் போட்டு, கூட்டல் சூத்திரம், வடிகட்டல், மாதச் சுருக்கம் வரை செய்து பாருங்கள். பிறகு கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் மாத முடிவுக் கணக்கை நான் எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். உண்மையான பற்றுச்சீட்டுகளும் உண்மையான பிழைகளும் அங்கேதான் கிடைக்கும். குயிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருளை ஒரு குறுகிய பயிற்சியில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு இலட்சம் கட்டும் பெரிய பாடநெறி எதுவும் இந்த நேரத்தில் தேவையில்லை.

தமிழ்த் தட்டச்சைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பழைய கந்தோர்க் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. மின்னஞ்சலுக்கும் அரச படிவங்களுக்கும் யூனிகோட் வேண்டும். இரண்டிலும் அடிக்கத் தெரிந்த, தமிழில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரிந்த பெண்ணை எந்த அலுவலகமும் விட்டுக்கொடுக்காது.

தையல், சமையல், அழகுக்கலை போன்ற தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. முழுப் பாடநெறியும் படிக்காமல், ஏற்கெனவே உள்ள திறமையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள்.

சான்றிதழ்களும் அந்த இடைவெளியும்

எங்கள் வயதுப் பெண்கள் பலரின் சான்றிதழ்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. பரீட்சைப் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியாக விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில். வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம அலுவலர். பழைய வேலைத்தலம் மூடப்பட்டு, சேவைச் சான்றிதழ் தர ஆள் இல்லாமல் போயிருந்தால் கலங்க வேண்டாம். சேமலாப நிதிப் பதிவு நீங்கள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி.

சுயவிபரக் கோவையில் இடைவெளியை மறைக்காதீர்கள். "2012–2024: பிள்ளைகளின் பராமரிப்பு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். விளக்கமும் மன்னிப்பும் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டுகளில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ, சனசமூக நிலையத்திலோ பொருளாளராக இருந்து கணக்கு எழுதியிருந்தால் அதை எழுதுங்கள். கணக்காய்வுக்குப் போன புத்தகம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அது சம்பளம் வாங்காத வேலை என்றாலும் வேலைதான். அயலில் சீட்டுப் பிடித்ததை மட்டும் எழுத வேண்டாம்; எவ்வளவு நேர்மையாகப் பிடித்தாலும் அது தொழில் அனுபவமாக எடுபடாது.

எங்கே தேடுவது

முதலில் பழைய ஆட்கள். உங்களோடு வேலை செய்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுங்கள். "வேலை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்காமல், "கணக்கு வேலைக்குத் திரும்ப வருகிறேன், எங்காவது ஆள் தேடினால் என் பெயரைச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தையும் நேரம் தவறாமையையும் அறிந்தவரின் ஒரு வார்த்தை போதும். நான் இப்போது இருக்கும் இடத்துக்கு அப்படித்தான் வந்தேன்.

உதயன், வலம்புரி போன்ற உள்ளூர் நாளிதழ்களின் வேலைவாய்ப்பு விளம்பரங்களை நாள்தோறும் பாருங்கள். கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, பலாலி வீதி வழியே ஒருமுறை நடந்தால் கடைக் கண்ணாடியில் ஒட்டிய அறிவித்தல்களையும் காணலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். அரச வேலை எண்ணம் இருந்தால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள், ஆனால் முதலில் வயதெல்லையை வாசியுங்கள். எல்லை தாண்டியிருந்தால் அதை நினைத்து ஒரு நாளைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். தனியார் மருத்துவமனைகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், சட்டத்தரணிகளின் அலுவலகங்கள், தனியார் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் கணக்கும் கடிதமும் எழுத ஆள் வேண்டும். காலையில் மட்டும் வேலை கொடுக்கும் இடம் கிடைத்தால் சின்னப் பிள்ளை உள்ளவர்கள் யோசிக்காமல் எடுங்கள்.

நுண்கடன் வசூலிக்கும் வேலைக்கு எங்கள் பெண்களை நிறையக் கூப்பிடுகிறார்கள். போகாதீர்கள் என்றே சொல்வேன். கட்ட முடியாமல் நிற்கும் இன்னொரு தாயின் முற்றத்தில் மணிக்கணக்காக நிற்கும் வேலை அது. வீட்டிலிருந்தே உழைக்கலாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கே வேலை இல்லை.

நேர்முகப் பரீட்சையும் நியமனக் கடிதமும்

பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" ஆண்களிடம் இதைக் கேட்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் நீங்கள் வீட்டை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், ஆகவே பதில் தயார். "முதல் நாள் நான் லீவு எடுப்பேன் ஐயா, இரண்டாம் நாள் கணவர் எடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் மாமி பார்த்துக்கொள்வார்." குரலை உயர்த்தாமல், நிமிர்ந்து இருந்து சொல்லுங்கள். இந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சு வேலைக்குத் திரும்பும்.

சம்பளத்தை அவர்கள் சொல்லும் வரை காத்திருந்துவிட்டு, தலையாட்டி எழுந்து வராதீர்கள். "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி எந்த நாளிலிருந்து?" என்று கேளுங்கள். தகுதிகாண் காலம் முடிந்த பிறகு கட்டுவோம் என்று சொல்வார்கள். சட்டப்படி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். இதை மரியாதையாகச் சொல்லலாம்: "ஐயா, கணக்கை நான்தான் எழுதப் போகிறேன். தொழில் அலுவலகத்தால் வந்து பார்த்தால் எனக்கும் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும், முதல் மாதத்திலிருந்தே போட்டுவிடுவோம்."

நியமனக் கடிதம் இல்லாமல் இரண்டாம் மாதத்துக்குள் போகாதீர்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. வேலை முடியும் நேரம் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். "ஐந்து மணி" என்று எழுதியிருந்தால்தான் ஐந்தரைக்கு வீட்டில் நிற்கலாம். உங்கள் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு வரியை நம்பி இருக்கிறது.

சம்பளம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். கணக்கு இல்லாதவர்கள் சேர்வதற்கு முதலே திறந்துவிடுங்கள்.

முதல் மாதங்களில் உடம்பு களைக்கும். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்த பெண் மேசைக்குப் பொறுப்பாக இருப்பார். அவரிடம் கேட்டுப் படியுங்கள்; மென்பொருளை அவரளவுக்கு வேகமாக யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கணக்கு இணங்காமல் நிற்கும் நாளில் பிழை எங்கே இருக்கும் என்று மோப்பம் பிடிக்கும் அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுங்கள்.

லீவு விடயத்தைச் சேர்வதற்கு முன்பே பார்த்துவையுங்கள். முதல் ஆண்டில், முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் தற்செயல் லீவு மட்டும்தான். அதைக் கல்யாண வீடுகளுக்குச் செலவழிக்காமல் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு வையுங்கள். அடுத்த ஆண்டின் வருடாந்த லீவு நீங்கள் சேர்ந்த திகதியைப் பொறுத்தது. மார்ச் 31 க்குள் சேர்ந்தால் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை என்றால் 7, ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ என்றால் 4. மார்ச் கடைசிக் கிழமையில் வேலை சரிவந்து, "அடுத்த மாதம் முதலாம் திகதி வாருங்கள் பிள்ளை" என்று முதலாளி சொன்னால், 31 ஆம் திகதியே வருகிறேன் என்று சொல்லுங்கள். நியமனக் கடிதத்திலும் அந்தத் திகதியையே போடச் சொல்லுங்கள்.